ஆறு வருடமாக அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன், சட்டத்தில் எனக்கு என்ன இருக்கிறது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 46 வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து எட்டு வருடம் பத்து மாதம் ஆகிறது. அம்மாவுக்கு 73 வயது. பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடம். இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலுக்கு ஒரு அட்டெண்டர் வருகிறார், மாதம் 18,000 ரூபாய். அப்பா கட்டிய வீடு அம்மா பெயரில் இருக்கிறது. கீழ் போர்ஷன் வாடகை 9,000 ரூபாய்தான் அம்மாவுக்கு வரும் ஒரே வருமானம். அண்ணன் ஒயிட்ஃபீல்டில் சொந்த ஃப்ளாட்டில் இருக்கிறார், தீபாவளிக்கு வருகிறார். சென்னையில் இருக்கும் தம்பி நினைத்தபோது ஐயாயிரம் அனுப்புகிறார். இருவரும் சொல்வது ஒன்றுதான்: "நீ அந்த வீட்டில்தானே இருக்கிறாய், வாடகை மிச்சம்தானே."

இப்போது நிறுவனம் எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டது. வேலையை விடப் போவதாக எழுதியிருக்கிறார். அதோடு மூன்று கேள்விகள். பார்த்துக்கொள்கிற மகளுக்கு வீட்டில் கூடுதல் பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறதாமே, அது எனக்கும் பொருந்துமா? லண்டனில் இருக்கும் சித்தி மகளுக்கு மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்கு அரசு பணம் தருகிறதே, இங்கே எதுவும் கிடையாதா? கடைசியாக, "பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்குக் கணக்குப் பார்ப்பது தப்பா மேடம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. நீங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். எழுதாத செலவு யாருடைய செலவாக முடியும் என்று உங்களுக்கே தெரியும். ஆறு வருடமாக அது உங்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது.

குடும்ப வழக்குகளில் உங்களைப் போன்ற பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் அம்மா இறந்து, வேலை போய், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கும். நீங்கள் அதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள். செய்ய வேண்டியதைச் செய்ய நேரம் இருக்கிறது.

சட்டம் யாரைப் பார்க்கிறது

நேராகச் சொல்கிறேன். நம் நாட்டுச் சட்டம் பராமரிக்கப்படுகிறவரைப் பார்க்கிறது. பராமரிக்கிறவரை அநேகமாகப் பார்ப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மட்டும் கொஞ்சம் விலக்கு. சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பார்த்துக்கொள்கிற குடும்பத்தாரும் 'பராமரிப்பவர்'தான் என்று அதன் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற சொற்கள் அதே பிரிவில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் நீதிமன்றத்தில் நின்று "எனக்கு இவ்வளவு கொடு" என்று கேட்கும் உரிமையாக அது இன்னும் ஆகவில்லை.

இந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2024-இல் நடந்த மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறார்கள். குழந்தைகளைப் பார்ப்பதும் இதில் சேரும். ஆண்களில் 21.4 சதவீதம். பெண்கள் அதற்கு ஒரு நாளில் 140 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 74 நிமிடம். 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றமும் அழுத்தமாகச் சொன்னது. அந்தப் பெண் சாலை விபத்தில் இறந்த பிறகு போட்ட கணக்கு அது. உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கைப் போட இன்னும் ஒரு சட்டம் வரவில்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

லண்டன் சித்தி மகளைப் பற்றி. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிக்கிறவருக்கு என்ன உதவி வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகமே தனியாக மதிப்பிட வேண்டும். அது நமக்கு இல்லாத நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் பணம் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. வாரம் 35 மணி நேரமாவது பராமரித்தால்தான் அங்கே படி. 2025-26-இல் அது வாரத்துக்கு 83.30 பவுண்டு. வேலைக்குப் போய்க் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஒரு பவுண்டு சம்பாதித்தாலும் அந்த வாரத்துப் படி மொத்தமும் போய்விடும். 2024 ஏப்ரலில் வந்த பராமரிப்பாளர் விடுப்பும் வருடத்துக்கு ஒரு வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். அங்கேயும் பெரும்பாரத்தைக் குடும்பம்தான் சுமக்கிறது.

சரி, இங்கே உங்களுக்கு என்ன வழி? உங்கள் பெயரில் கேட்க முடியாததை உங்கள் அம்மாவின் உரிமை வழியாகக் கேட்க வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அதுதான்.

முதலில் அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ்

கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கை கால் இழந்தவர்களுக்குத்தான் இது என்று நினைத்திருப்பீர்கள். 2016 சட்டத்தின் அட்டவணையில் பார்க்கின்சன் நோய் பெயர் சொல்லியே இருக்கிறது. அரசு மருத்துவக் குழு மதிப்பிட்டு 40 சதவீதத்துக்குக் குறையாமல் கொடுத்தால் பல கதவுகள் திறக்கும். மத்திய அரசின் சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து அடையாள அட்டை வாங்குங்கள்.

கர்நாடக அரசு 2024-25 பட்ஜெட்டில், பெருமூளை வாதம், தசைச்சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் உள்ளவர்களைப் பராமரிப்பவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தது. அட்டெண்டருக்குக் கொடுக்கிற 18,000-க்கு முன்னால் அது சின்னத் தொகைதான். இருந்தாலும் விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளிகள், மூத்த குடிமக்கள் நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் நிபந்தனைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'பராமரிப்பவர்' என்று உங்கள் பெயர் ஒரு அரசுப் பதிவேட்டில் ஏறுவது பின்னால் பல இடங்களில் உதவும்.

அம்மா உங்களைச் சார்ந்திருப்பதால், பழைய வரிமுறையில் வரி கட்டினால் உங்கள் வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு உண்டு. ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. புதிய வரிமுறையில் இது கிடையாது. எந்த முறை லாபம் என்று நீங்களே போட்டுப் பார்ப்பீர்கள்.

அண்ணனிடமும் தம்பியிடமும் கேட்பது

"வீட்டில் இருப்பவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கல்யாணமான மகளுக்கும் இந்தக் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. ஆக உங்கள் பங்கு மூன்றில் ஒன்று. மீதி இரண்டு பங்கை இத்தனை வருடமாக நீங்கள் அவர்களுக்காகச் செய்திருக்கிறீர்கள்.

(ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொள்கிற மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. 2019-இல் கொண்டுவந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் சேர்க்கப் பார்த்தது. மக்களவை கலைந்ததோடு அதுவும் போய்விட்டது. கடமையை மட்டும் சேர்க்காமல், செய்கிறவளுக்குப் பாதுகாப்பையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுச் சட்டம் ஆகும்.)

மனு அம்மாவின் பெயரில் இருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட முடியாத நிலை என்றால், அவர் அதிகாரம் கொடுத்த ஒருவர் போடலாம், அது நீங்களாகவே இருக்கலாம். அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், தம்பி சென்னையில் இருப்பது தடையில்லை. இங்கே தீர்ப்பாயம் என்பது உதவி ஆணையர், அதாவது எல்லோரும் ஏ.சி. கோர்ட் என்று சொல்கிற அலுவலகம். வக்கீல் இல்லாமலே நடக்க வேண்டும் என்றுதான் இந்தச் சட்டத்தை எழுதினார்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். நடைமுறையில் இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தன் வருமானத்தாலும் சொத்தாலும் வாழ முடியாத நிலையைக் காட்ட வேண்டும். வீடு அம்மா பெயரில் இருக்கிறதே என்று அண்ணன் நிச்சயம் சொல்வார். குடியிருக்கிற வீட்டை விற்றுச் சாப்பிட முடியாது. வாடகை 9,000, அட்டெண்டருக்கு மட்டும் 18,000. மாத்திரை, டயப்பர், பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் கடந்த ஒரு வருடத்து ரசீதைத் தேதிவாரியாக அடுக்குங்கள். சட்டத்தில் 'பராமரிப்பு' என்பதில் மருத்துவக் கவனிப்பும் அடக்கம், ஆகவே அட்டெண்டர் சம்பளமும் அம்மாவின் தேவையாகவே உள்ளே வரும். உங்கள் இரவு விழிப்புக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். ஆனால் அந்த இரவுக்கு ஒரு ஆள் வைக்க ஆகும் தொகையை அம்மாவின் தேவையாக எழுதலாம். தயவுசெய்து அதை எழுதுங்கள்.

இரண்டாவது, இந்தத் தீர்ப்பாயம் அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய்தான் உத்தரவிட முடியும். 2007-இல் வைத்த வரம்பு, இன்னும் மாறவில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுதான் அது. அங்கே வரம்பு கிடையாது, ஆனால் குடும்ப நீதிமன்றம், வக்கீல், காலம் எல்லாம் கூடும். இரண்டிலும் கேட்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் கருத்து, ஏ.சி. கோர்ட்டுக்கே போங்கள். பணத்தைவிட முக்கியமான ஒரு காரணம் உண்டு. விசாரணைக்கு முன்பு சமரச அதிகாரியிடம் அனுப்ப அங்கே வழி இருக்கிறது, ஒரு மாதத்தில் அவர் அறிக்கை தர வேண்டும். அங்கே உடன்பாடு வந்தால் அதுவே உத்தரவாகிவிடும். அண்ணன் மாதம் இவ்வளவு, தம்பி இவ்வளவு, வருடத்தில் இத்தனை நாள் யாராவது வந்து தங்கி உங்களுக்கு ஓய்வு தருவது என்று எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லும் வாக்கு அடுத்த மாதம் காணாமல் போகும். உத்தரவை மீறினால் ஒரு மாதம் வரை சிறைவைக்கவும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு.

மனுப் போடும் முன்பு பேசிப் பார்க்க ஆசைப்பட்டால், பெங்களூரு மாநகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டும் சேர்ந்து நடத்தும் மூத்தோர் உதவி எண் 1090 இருக்கிறது. குடும்பத்தை உட்கார வைத்துப் பேசும் அனுபவம் அவர்களுக்கு உண்டு.

வீடு

இங்கேதான் உங்கள் நினைப்பு மிகவும் தவறிப்போயிருக்கிறது. நீங்கள் படித்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2023 ஜூனில் வந்தது. வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. அவள் உழைப்பும் சேர்ந்துதான் அந்தச் சொத்து உருவானது என்பது அதன் காரணம். அருமையான தீர்ப்பு. ஆனால் அது மனைவியைப் பற்றியது, மகளைப் பற்றியது இல்லை. கர்நாடக நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தவும் செய்யாது.

உங்கள் அம்மா எதுவும் எழுதிவைக்காமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 15-ஆம் பிரிவுப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சரிசமமான பங்கு. பார்த்துக்கொண்டதற்காக ஒரு சதுர அடிகூட அதிகமாகக் கிடைக்காது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டு வீட்டை விற்கச் சொன்னால் நீங்கள் வெளியே வர வேண்டியிருக்கும். வீட்டை விற்கச் சொல்வேன் என்று அண்ணன் கோபத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வழி இரண்டு. ஒன்று உயில். அம்மா தன் விருப்பப்படி யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், இரண்டு சாட்சி போதும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் நான் பதியச் சொல்வேன். அம்மாவால் போக முடியாது என்று காரணம் காட்டினால் சப்-ரிஜிஸ்ட்ரார் வீட்டுக்கே வர சட்டத்தில் இடமிருக்கிறது. இன்னொன்று தான செட்டில்மென்ட். பதிந்த அன்றே வீடு உங்கள் பெயருக்கு வந்துவிடும். அதனால்தான் எனக்குத் தயக்கம். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் அம்மா யார் வீட்டில் இருப்பார்? செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்தால், அம்மாவுக்கு ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையும், பராமரிக்காவிட்டால் ரத்து என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். அப்படி நிபந்தனை எழுதியிருந்தால் 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு அம்மாவைக் காக்கும். உங்களை நம்பாமல் சொல்லவில்லை. உங்கள் அம்மா என் கட்சிக்காரராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

எனக்குச் சரியாகப் படுவது உயில்தான். முழு வீடும் உங்களுக்கு என்றோ, நீங்கள் வாழும்வரை குடியிருக்கலாம், பிறகு மூவர் குடும்பத்துக்கும் என்றோ அம்மா விரும்பியபடி இருக்கலாம். இரண்டாவது வகைக்கு அண்ணன் தம்பி சண்டை போடுவது குறைவு என்பது என் அனுபவம்.

உயில் எழுதுகிற இடத்தில் நீங்கள் இருக்காதீர்கள். மைசூரிலிருந்து போன வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்போதே சொன்னது: உயிலால் பயன் பெறுகிறவரே அதை எழுதவைப்பதில் முன்னால் நின்றால் அது சந்தேகத்துக்கு இடம், அந்தச் சந்தேகத்தை அவரேதான் போக்க வேண்டும். ஆகவே வக்கீலை அம்மா தனியாகப் பார்க்கட்டும். சாட்சிகள் உறவுக்கு வெளியே இருக்கட்டும், ஒருவர் மருத்துவராக இருந்தால் நல்லது. அம்மா தெளிவாக இருக்கிறார் என்று நரம்பியல் மருத்துவரிடம் அதே நாளில் சான்றிதழ் வாங்குங்கள். கை நடுங்குவதால் புத்தி மங்கிவிட்டது என்று ஆகாது. ஆனால் இந்த நோயில் சிலருக்கு நாளடைவில் நினைவும் தடுமாறும். அப்படி ஆகிவிட்டால் உயிலும் எழுத முடியாது, கொடுத்திருக்கும் பவர் பத்திரமும் செல்லாமல் போகும், பேங்க் கணக்கை இயக்கக்கூட உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டி வரலாம். அதனால் அம்மாவின் கணக்கில் உங்கள் பெயரை இந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.

வேலையை விடும் முன்

இன்றைக்கு ராஜினாமா எழுதாதீர்கள். தனியார் நிறுவன ஊழியருக்குப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள விடுப்பு என்று தனி உரிமை கிடையாது, அது உண்மை. மத்திய அரசு ஊழியர்களுக்கே, வழக்கமான ஈட்டிய விடுப்பு 30 நாளை இதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, அல்லது காலை நேர மாற்றம். அம்மாவின் சான்றிதழை இணைத்துக் கேட்டால் வாய்வார்த்தையாகக் கேட்பதைவிட மதிப்பு அதிகம்.

அப்புறம் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, பென்ஷன் கணக்கில் தொகை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், மாதப் பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் அதை முழு வருடமாகக் கணக்கிடுவார்கள். அதாவது நீங்கள் இன்னும் எட்டு மாதம் இருந்தால் ஒன்பதரை வருடம். அதற்கு மேல் ஓரிரு மாதம் கூட இருப்பது பத்திரம். முன்பு வேறு எங்காவது வேலை பார்த்து அந்தப் பி.எஃப்.-ஐ மாற்றாமல் விட்டிருந்தால் அதையும் சேர்க்க முடியும், அப்போது இன்னும் சீக்கிரம் முடியும். இந்தச் சில மாதங்களை விட்டுவிட்டால் 58 வயதுக்கு மேல் ஆயுள் முழுக்க வர வேண்டிய ஒரு தொகை கைநழுவிப் போகும். கிராஜுவிட்டி ஐந்து வருடத்திலேயே உங்களுடையதாகிவிட்டது, அதை யாரும் தொட முடியாது.

அந்த எட்டு மாதத்துக்கு இரவு ஆள் வைக்கும் செலவை அண்ணனும் தம்பியும் ஏற்கட்டும் என்பதுதான் சமரசத்தில் நீங்கள் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை. வேலையை விட்ட பிறகு அதைக் கேட்டால், "நீ வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற பழைய பாட்டுக்கே திரும்புவார்கள்.

இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. "பிள்ளைகள் மேலேயே கேஸா" என்று அவர் உடைந்துபோவாரோ என்ற உங்கள் பயம் புரிகிறது. காலை மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் அம்மாவின் பேச்சு தெளிவாக இருக்கும் என்று கடிதத்தின் நடுவில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ரசீதுகளை மடியில் வைத்துக்கொண்டு, இந்த வீட்டை என்ன செய்ய ஆசை என்று அவரையே கேளுங்கள். அவர் பதில் வந்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.